நிறைமாதத்தில் பூசிய எண்ணெய்

“எனக்கு எண்ணெய் பூசணும் ஃபாதர்.”

சனிக்கிழமை மாலைத் திருப்பலி முடிந்து கோயில் காலியாகிக்கொண்டிருந்தது. ஃபாதர் ஜெரால்டு பீடத்து மெழுகுதிரிகளை அணைத்துவிட்டுப் படியிறங்கி வந்தார். அணைந்த திரியின் புகையும், மாதா பாதத்தில் யாரோ வைத்துவிட்டுப் போன சம்பங்கியும் சேர்ந்து மணத்தன. எனக்கு ஒன்பதாம் மாதம். முன்வரிசை பெஞ்சைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

அவர் என் வயிற்றைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார்.

“பிரசவத்துக்கு ஆசீர்வாதம் வேணுமாம்மா? அதுக்குத் தனியா ஜெபம் இருக்குது.”

“அதில்லைங்க ஃபாதர். நோயாளிங்களுக்குப் பூசுவீங்களே, நோயில்பூசுதல், அது.”

“உங்களுக்கு என்ன நோய்?”

“இப்ப ஒண்ணுமில்லைங்க. பிரசவம் ஆனதும் திரும்பி வந்துருமோன்னு பயமா இருக்குதுங்க.”

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். என்னையும் உட்காரச் சொன்னார். கோயில் கதவைப் பூட்ட வந்த உபதேசியாரைப் பார்த்து, ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்று கையைக் காட்டினார்.

போன வாரம் இந்தத் தொடரில், பெரியநாயக்கன்பாளையத்தில் நானும் என் கணவர் அருளும் வாடகை வீடு தேடி அலைந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுப் பல்லடத்திலிருந்து என் அண்ணி, அருளின் அக்கா ரீட்டா, போன் செய்தார். “ஊட்டுக்காரர் பைப்பு ரிப்பேர் பண்ணாததையெல்லாம் இத்தன பெருசா எழுதறே. என்னப் பத்தி எப்பத்தான் எழுதுவே?” என்று கேட்டார்.

“எழுதுனா எல்லாத்தையும் எழுதணும் அண்ணி. என் ஆஸ்பத்திரிக் கதையையும் சேத்து.”

“எழுது. அதுல வெக்கப்பட என்ன இருக்குது?” என்றார்.

அதனால் இந்த வாரம் அண்ணியின் உத்தரவு.

சந்தோஷமாக வந்த நோய்

எங்கள் மூத்த மகள் ஜோஸ்லின் பிறந்தபோது எனக்கு வந்தது காய்ச்சலோ ரத்தப்போக்கோ இல்லை. சந்தோஷம்தான் வந்தது.

குழந்தையை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எனக்குத் தூக்கம் தேவைப்படவில்லை. களைப்பே தெரியவில்லை. பத்தியச் சாப்பாட்டைத் தள்ளி வைத்துவிட்டு அலமாரித் துணிகளையெல்லாம் இறக்கி மறுபடி அடுக்கினேன். பம்பு கம்பெனி ஆபீசில் என்னோடு பில் போடும் பெண்கள் பார்க்க வந்தபோது நிறுத்தாமல் பேசினேன். “ஸ்டெல்லா எவ்வளவு தெம்பா இருக்கறா பாரு” என்று எல்லோருக்கும் ஆச்சரியம். எனக்கும் பெருமை.

பிறகு உலகத்தில் எல்லாமே என்னிடம் ஏதோ சொல்ல ஆரம்பித்தன. தெருவில் போகும் ஆட்டோவின் ஹாரன், எதிர்வீட்டு ஜன்னல் திரை, டிவி விளம்பரம், எல்லாம். ஒருநாள் மாதா படத்தின் முன்னால் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தபோது மாதாவே பேசுவதுபோல் கேட்டது. “இது உன் பிள்ளை இல்லை. உன் பிள்ளை வேறு இடத்தில் காத்திருக்கிறாள்.”

அன்று நடுப்பகலில் குழந்தையைத் துண்டில் சுற்றிக்கொண்டு மேட்டுப்பாளையம் ரோட்டில் நடந்தேன். காலில் செருப்பில்லை. தார் சுட்டது தெரியவில்லை. ஒரு பேக்கரி பெஞ்சில் குழந்தையைப் படுக்க வைத்துவிட்டு மேலே நடந்தேன்.

பேக்கரிக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்த டம்ளரோடு ஓடி வந்தார். “ஏனுங் அம்மணி, கொழந்தைய உட்டுப்போட்டுப் போறீங்களே!”

“அது எங்கொழந்தை இல்லைங்க” என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன்.

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. “செரிங்க. யாரோடதா இருந்தா என்னங்க, வெயிலு காயுதில்லீங்க. நெழல்ல வந்து உக்காருங்க, ஒரு டீ குடிக்கலாம்” என்று என்னைத் திருப்பி அழைத்து வந்து உட்கார வைத்தார். என்னிடமே நைச்சியமாகக் கேட்டு நம்பரை வாங்கி அருளுக்குப் போன் செய்தார். அந்த மனிதர் இதை அந்தத் தெருவில் ஒருவரிடமும் சொன்னதில்லை. இன்றைக்கும் நான் பன் வாங்கப் போனால், “பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?” என்று மட்டும் கேட்பார். அவரை நினைக்காமல் நான் தூங்கப் போவதில்லை.

பிரசவத்துக்குப் பிறகு சிலருக்கு மட்டும் வருகிற மனநோய் அது என்று கோயமுத்தூரில் டாக்டர் சொன்னார். மாத்திரையில் சரியாகும், ஆனால் நாளாகும் என்றார். நாளானது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகும் பல மாதம் நான் பாதி ஆள். அண்ணி குழந்தையைப் பல்லடத்துக்கு எடுத்துப் போனார். அங்கே அவர்கள் வீட்டோடு சேர்ந்து தறி ஓடும். அந்தச் சத்தத்தில் என் மகள் தூங்கப் பழகினாள். திரும்ப என்னிடம் வந்தபோது அவளுக்குப் பல் முளைத்திருந்தது. எங்கள் வீட்டு அமைதியில் தூக்கம் வராமல் அழுதாள். அருள் மிக்சியை ஓடவிட்டுத் தூங்க வைத்தார்.

ஜெபிக்கவே பயம்

இன்னொரு பிள்ளை வேண்டாம் என்று நானும் அருளும் பேசி முடிவெடுத்திருந்தோம். ஜோஸ்லின் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, எங்கள் முடிவைக் கேட்காமல் ஒன்று வந்துவிட்டது.

டாக்டர் அம்மா எதையும் மறைக்கவில்லை. “ஒருதடவ வந்தவங்களுக்கு மறுபடி வரலாமுங்க. வராமலும் போகலாம். நாம வரும்னே வச்சுக்கிட்டுத் தயாரா இருக்கலாம். பிரசவம் ஆன அன்னைக்கே மாத்திரை ஆரம்பிச்சரலாம். ராத்திரித் தூக்கம் கெடவே கூடாது. கொஞ்சம் மாத்தமாத் தெரிஞ்சாலும் அன்னைக்கே கூட்டிட்டு வந்துருங்க” என்றார்.

வரலாம் என்ற அந்த ஒரு வார்த்தை என்னோடு வீட்டுக்கு வந்து குடியேறியது.

புழுக்கத்தில் தூக்கம் கலைந்தால், ஆரம்பித்துவிட்டதோ என்று எழுந்து உட்கார்ந்தேன். ஜோஸ்லின் செய்த சேட்டைக்கு வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, அடுத்த நொடியே இவ்வளவு சிரிக்கலாமா என்று பயந்தேன். நோய் சந்தோஷமாக வந்ததால் சந்தோஷத்தின் மேலேயே சந்தேகம். பிறந்த நாளுக்கு அருள் எடுத்துக்கொடுத்த சேலை பிடித்திருந்தது. பிடித்திருப்பதைக் காட்டிக்கொள்ளவில்லை.

இதையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லி அழலாம். எங்கள் வீட்டில் எல்லாக் கஷ்டத்தையும் அங்கேதான் கொண்டுபோவோம். ஆனால் எனக்கு அந்தக் கதவும் சாத்தியிருந்தது. காரணம், முதல் முறை நோய் பேசியது மாதாவின் குரலில். குணமான பிறகு அந்தக் குரல் என் தலைக்குள்ளிருந்து வந்தது என்று புத்திக்குத் தெரியும். இருந்தாலும் கண்ணை மூடி, கையைக் குவித்து, “அருள் நிறைந்த மரியே” என்று ஆரம்பித்தால் பாதியிலேயே கண்ணைத் திறந்துவிடுவேன். பதில் வந்துவிட்டால்?

ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போனேன். கடைசி வரிசையில் உட்கார்ந்து, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தேன். இதை அருளிடம்கூடச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை மாலை, பெஞ்சில் உட்கார்ந்து ஃபாதர் ஜெரால்டிடம் முதல்முறையாகச் சொன்னேன். அவர் எங்கள் பங்குக் கோயிலுக்கு வந்து கொஞ்ச காலம்தான். எங்கள் கதை அவருக்குத் தெரியாது. பேக்கரி வரை எல்லாவற்றையும் சொன்னேன்.

“கண்ண மூடி ஜெபம் பண்ணவே பயமா இருக்குதுங்க ஃபாதர்” என்று முடித்தேன்.

“அப்பக் கண்ணத் தொறந்துட்டே பண்ணுங்க” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

“நெசமாத்தாம்மா சொல்றேன். மூடித்தான் பண்ணணும்னு யாரு சொன்னா? பாத்திரம் கழுவறப்ப, கண்ணு குழாய் மேல இருக்கட்டும். ஒருவரி சொல்லுங்க, போதும். சரி, எண்ணெய் பூசணும்னு எப்படித் தோணுச்சு?”

அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தடுமாறித் தடுமாறிச் சொன்னேன். என் மனதை நான் நம்ப முடியாது. மனதால் செய்கிற எதையும் நம்ப முடியாது. எண்ணெய் அப்படி இல்லை. அது வெளியே இருக்கிறது. வேறொருவர் கை பூசுகிறது. நான் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். நாளைக்கு எனக்குப் புத்தி பேதலித்துப் போனாலும், பூசியது பூசியதுதானே?

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“ஏற்கெனவே ஒருதடவ வந்திருக்கு, டாக்டர் பாத்துட்டு இருக்காங்க, வரலாம்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பூசலாம். வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. தனியாப் பண்ண வேண்டாம்” என்றார்.

அண்ணியின் கோபம்

பிரசவத்துக்கு உதவியாக அண்ணி பல்லடத்திலிருந்து வந்து தங்கியிருந்தார். சாப்பிடும்போது மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். அவர் கையிலிருந்த கரண்டி நின்றது.

“அவஸ்தை பூசறதா? நெறமாசக்காரிக்கா?”

இந்த இடத்தில் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் பெரியவர்கள் காலத்தில் இந்தத் திருவருட்சாதனத்துக்கு அவஸ்தைப் பூசுதல் என்றுதான் பெயர். உயிர் இழுத்துக்கொண்டிருக்கும்போது சாமியாரைக் கூப்பிட்டுப் பூசுவார்கள். சாமியார் எண்ணெய்ச் சிமிழோடு ஒரு வீட்டுக்குள் நுழைந்தால், துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்காரப் பெஞ்சு வாடகைக்குச் சொல்ல ஆள் கிளம்பிவிடும். அப்பா மில்லில் வேலை பார்த்த நாட்களில் எங்கள் லைன் வீட்டில் ஒரு தாத்தாவுக்குப் பூசிவிட்டார்கள். அவர் மறுநாள் எழுந்து உட்கார்ந்து கோழிக்குழம்பு கேட்டார். குடும்பத்துக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகம். இப்போது பெயர் மாறி, முறை மாறி, நோயாளிகள் எல்லோருக்கும் பூசுகிறார்கள். பயம் மட்டும் பழைய பெயரிலேயே இருக்கிறது.

“அண்ணி, அது சாவறவங்களுக்கு மட்டும் இல்லைங்க.”

“எனக்குத் தெரியாதா? எங்கம்மாவுக்குப் பூசுனாங்க, சாயங்காலம் போயிட்டாங்க. நல்ல காரியம் நடக்கப்போற வயித்தோட போயி நீ அதக் கேட்டிருக்கறியே. வராத நோயை நீயே கூப்பிட்டு உக்கார வக்கறியா?”

அருள் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லேத் பட்டறையில் நாளெல்லாம் இரும்போடு பேசுகிறவர். வீட்டில் பேச்சு குறைவு.

அண்ணியின் கோபத்துக்கு அடியில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியும். என் பயத்துக்கு அடியிலும் அதேதான். நான் விழுந்தால் இந்தக் குழந்தையும் பல்லடத்துக்குப் போகும். அவர்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும். ஜோஸ்லினை என்னிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறிய அன்று அவர் அழுத அழுகையை அருள் எனக்குப் பிறகு சொல்லியிருக்கிறார். இன்னொரு முறை ஒரு பிள்ளையை வளர்த்துத் திருப்பிக் கொடுக்க அவருக்குத் தெம்பு இல்லை.

“அண்ணி, நீங்க வரலைன்னா நான் பூசிக்கல” என்றேன்.

அவர் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலை இஸ்திரி போட்ட சேலையில் தயாராக நின்றார். “நான் வாரேன். நீ எங்கயாச்சும் தனியாப் போயி உக்காந்து பயப்படறதுக்கு, எம் பக்கத்துல உக்காந்து பயப்படு” என்றார்.

பூசியபோது

திருப்பலி முடிந்த பிறகு நாங்கள் நாலு பேர் மட்டும். அருள், அண்ணி, ஜோஸ்லின், நான். எல்லோரையும் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னார் ஃபாதர். முதலில் ஒன்றும் சொல்லாமல் இரண்டு கைகளையும் என் தலைமேல் வைத்தார். பிறகு அருளையும் அண்ணியையும் வைக்கச் சொன்னார். அண்ணியின் கை கனமாக இருந்தது. பூண்டு வாசனை அடித்தது.

நான் கண்ணைத் திறந்தே வைத்திருந்தேன். ஃபாதரின் அங்கியில் ஒரு பொத்தான் தளர்ந்து தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிறிய வெள்ளிச் சிமிழ். பஞ்சில் ஊறிய ஒலிவ எண்ணெய். பெருவிரலால் நெற்றியில் சிலுவை வரைந்தார். பிறகு இரண்டு உள்ளங்கைகளிலும். எண்ணெய் குளிர்ச்சியாக இருந்தது. ஆண்டவர் காப்பாற்றித் தூக்கி நிறுத்துவாராக என்று பொருள்படும் செபத்தைச் சொன்னார்.

தூக்கி நிறுத்துவாராக. அந்த வார்த்தையில் நான் நின்றுவிட்டேன். நிற்கிறவரை யாரும் தூக்கி நிறுத்த வேண்டியதில்லை. விழவே மாட்டாய் என்று அந்தச் செபம் எனக்கு வாக்குக் கொடுக்கவில்லை. நான் மாதக்கணக்காக மனதுக்குள் ஏங்கிக்கொண்டிருந்தது அந்த வாக்குக்குத்தான். கிடைக்காததால் பயம் கூடிக்கொண்டே போனது. இங்கே வேறொன்று கிடைத்தது. விழுவதற்கும் இதில் இடம் விட்டிருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அழுகை வந்தது, பயமில்லாத அழுகை.

எந்தக் குரலும் கேட்கவில்லை. வெளியே சைக்கிளில் கீரைக்காரர் கூவிக்கொண்டு போனது மட்டும் கேட்டது. அவ்வளவு சாதாரணமாக இருந்தது. அந்தச் சாதாரணத்துக்காகவே ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

“அம்மா கை மினுமினுங்குது” என்றாள் ஜோஸ்லின். என் உள்ளங்கையைத் தொட்டு, தன் கையில் தேய்த்துக்கொண்டாள். ஃபாதர் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொண்டார்.

அன்று மதியம் டிவியில் ஏதோ நகைச்சுவை ஓடியது. அண்ணியும் நானும் சேர்ந்து சிரித்தோம். சிரித்து முடித்து எழுந்து போனபோதுதான், நான் என் சிரிப்பைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பது தெரிந்தது.

வந்தது

பிரசவம் நல்லபடியாக நடந்தது. பையன். டாக்டர் சொன்னபடி அன்றைக்கே மாத்திரை. ராத்திரிப் பால் அண்ணியின் பொறுப்பு, புட்டியில். எந்த மாத்திரையோடு தாய்ப்பால் கொடுக்கலாம் என்பதை டாக்டரே பார்த்துப் பகலுக்கு மட்டும் அனுமதித்தார். கதவைச் சாத்தி என்னைத் தூங்க வைத்துவிட்டு, ராத்திரியில் அண்ணியும் அருளும் முறை வைத்து விழித்திருந்தார்கள். எங்கள் தெரு அன்பியத்துப் பெண்கள், அதாவது வீடுவீடாகக் கூடி ஜெபிக்கும் எங்கள் பத்துப் பன்னிரண்டு குடும்பத்துப் பெண்கள், மதியச் சாப்பாட்டைப் பார்த்துக்கொண்டார்கள். யார் வீட்டுக் குழம்பு என்று ருசியிலேயே சொல்லப் பழகிவிட்டேன்.

வராது என்று நாங்கள் நம்ப ஆரம்பித்த நேரத்தில் அது வந்தது.

காலை நேரம். அருள் பட்டறைக்குப் போயிருந்தார். ஜோஸ்லின் பள்ளிக்கூடத்தில். அண்ணி பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நான் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று ஜன்னல் வெளிச்சம் அளவுக்கு மீறி அழகாக இருந்தது. மஞ்சள் சட்டையை மடித்தேன், பிரித்தேன், மடித்தேன். அந்த மஞ்சளுக்கு ஏதோ அர்த்தம் இருந்தது. மனம் குதித்துக் குதித்து ஓடியது. எவ்வளவு சந்தோஷம்! திரும்பித் தொட்டிலைப் பார்த்தேன். யாருடைய குழந்தை இது என்று ஒரு கேள்வி எழுந்தது.

எனக்கு இது தெரியும். இந்தப் பாதையில் நான் ஏற்கெனவே செருப்பில்லாமல் நடந்திருக்கிறேன்.

போன தடவை நான் யாரிடமும் சொல்லவில்லை. அது நோய் என்றே தெரியாது. இந்தத் தடவை தெரியும். ஆனால் சொன்னால் குழந்தையைக் கொண்டுபோய்விடுவார்கள். சொல்லாமல் இருந்தால் ஒருவேளை தானாகவே போய்விடும். இரண்டு பக்கமும் இழுத்தது. பின்வாசல் வரை நடந்தேன். உள்ளங்கை வியர்த்து ஈரமாக இருந்தது.

“அண்ணி. எனக்கு வருது.”

அண்ணி கையிலிருந்த ஈரத்துணியை வாளியில் போட்டார். ஓடி வரவில்லை. நடந்து வந்தார். என் இரண்டு தோளையும் பிடித்தார்.

“கொழந்தையப் பல்லடத்துக்குக் கொண்டு போயிருவீங்களா?”

“எங்கயும் போவாது கண்ணு. நானும் இங்கதான் இருப்பேன், அவனும் இங்கதான் இருப்பான். நீ போயி டாக்டரப் பாத்துட்டு வா. சொன்னே பாத்தியா, அதுவே போதும்.”

பட்டறையிலிருந்து கையில் கிரீஸோடு அருள் வந்து சேர்ந்தார். வாடகைக் காரில் கோயமுத்தூருக்குப் போகும்போது எனக்கு ஜெபம் சொல்ல வரவில்லை. வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறின. “நீங்க சொல்லுங்க” என்றேன்.

அருளுக்குக் கோயிலில் பதிலுரைகூட வாய்க்குள்தான் வரும். அன்று டிரைவர் கேட்கச் சத்தமாகச் சொன்னார். “ஆண்டவரே, நாங்க டாக்டர்கிட்டப் போயிட்டிருக்கறமுங்க. இவளுக்கு ஒடம்பு செரியில்லீங்க. நீங்களும் கூட வாங்க. டிராபிக் வேற சாஸ்தியா இருக்குதுங்க.”

இவ்வளவுதான். பிறகு மறுபடி முதலிலிருந்து சொன்னார். கவுண்டம்பாளையம் தாண்டும் வரை சொல்லிக்கொண்டே வந்தார். டிரைவர் நெற்றியில் திருநீறு. அவரும் ஒருமுறை, “ஆமாங்க சாமி” என்றார். நான் கண்ணைத் திறந்துகொண்டு கார் கண்ணாடியில் ஆடிய எலுமிச்சம்பழத்தைப் பார்த்தபடி கேட்டேன்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். சில நாட்கள் ஆஸ்பத்திரியில் வைத்துத் தூங்க வைத்தார். “இத்தனை சீக்கிரம் வந்தீங்களே, பாதி வேலை முடிஞ்சுதுங்க” என்றார். அண்ணி தினமும் மதியம் பஸ் ஏறிக் குழந்தையோடு வந்து என் மடியில் வைத்தார். ஃபாதர் ஜெரால்டு ஒருநாள் நற்கருணை கொண்டு வந்து கொடுத்தார். மறுபடி எண்ணெய் பூச வேண்டுமா என்று அவர் கேட்கவில்லை. எனக்கும் தேவைப்படவில்லை.

அது போன தடவை போல மாதக்கணக்கில் நீளவில்லை. வீட்டுக்கு வந்தேன். யாருடைய குழந்தை என்ற கேள்வி மறுபடி எழவில்லை. நான் வருடக்கணக்காகப் பயந்துகொண்டிருந்தது வந்தது. வந்து பார்த்தால், நான் பயந்த அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஒருவேளை அது போன தடவை அளவேதான் இருந்ததோ என்னவோ. சுற்றி நின்றவர்கள் இந்தத் தடவை அதிகம். அப்படித்தான் நினைக்கத் தோன்றுகிறது. மாத்திரை கொடுத்த டாக்டரையும், துணியை வாளியில் போட்ட அண்ணியையும், டிராபிக்கை ஆண்டவரிடம் முறையிட்ட என் கணவரையும் தனித்தனியாக எடுத்து, இது மருந்து, இது மனிதர், இது கடவுள் என்று பிரித்து வைக்க எனக்குத் தெரியவில்லை.

தண்ணீர் ஊற்றிய நாள்

பையனுக்கு லியோ என்று பெயர் வைத்தோம். நான் நன்றாகத் தேறிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம். ஞானத்தாய், அண்ணிதான். லியோவை நான் கையில் ஏந்தி நின்றேன். ஃபாதர் தலையில் தண்ணீர் ஊற்றியதும் வீறிட்டு அழுதான். கோயிலே சிரித்தது.

எல்லாம் முடிந்து போட்டோ எடுக்க ஆட்கள் கூடியபோது ஜோஸ்லின் என் சேலையை இழுத்தாள்.

“அம்மா, எனக்குத் தண்ணி ஊத்துன போட்டோல நீ எங்க? எல்லாத்துலயும் அத்தைதான் என்னத் தூக்கிட்டு நிக்கறாங்க.”

வீட்டில் அந்த ஆல்பம் இருக்கிறது. அவள் எப்போது எடுத்துப் பார்த்தாள் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தண்ணீர் ஊற்றிய அன்று நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். என் மகளின் ஞானஸ்நானம் நான் பார்க்காத ஒன்று. சற்றுத் தள்ளி நின்ற அண்ணி என்னைப் பார்த்தார். பேச்சை மாற்றட்டுமா என்று கேட்பதுபோல் இருந்தது. நான் தலையசைத்து வேண்டாம் என்றேன்.

ஓரமாக இருந்த பெஞ்சில் உட்கார்ந்து அவளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

“அப்ப நான் ஆஸ்பத்திரில இருந்தேன் கண்ணு. அம்மாவுக்கு மனசுல ஒரு நோய் வந்திருந்துது.”

“தம்பி பொறந்தப்ப போனயே, அதே ஆஸ்பத்திரியா?”

“அதேதான்.”

“மறுபடியும் வருமா அது?”

இந்தக் கேள்வியை நான் டாக்டரிடம் கேட்டிருக்கிறேன், ஃபாதரிடம் கேட்டிருக்கிறேன், கோயிலின் கடைசி வரிசையில் உட்கார்ந்து எனக்குள்ளேயே கேட்டிருக்கிறேன். என்னிடம் யாரும் கேட்டதில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“வந்தாலும் வரும் கண்ணு. வந்தா அப்பாகிட்டயும் அத்தைகிட்டயும் ஒடனே சொல்லிப்போட்டு டாக்டர்கிட்டப் போவேன். கொஞ்ச நாள்ல வந்துருவேன்.”

அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குழந்தைகள் பொய்யைக் கண்டுபிடிக்கப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. அப்புறம் லியோவின் ஈரத் தலையை ஒருமுறை தடவினாள்.

“செரி” என்றாள். “சாப்பாடு எப்பம்மா போடுவாங்க? எனக்குப் பசிக்குது.”

பங்கு மண்டபத்தில் முதல் பந்திக்கு இலை விரித்துக்கொண்டிருந்தார்கள். பிரியாணி வாசனை கோயில் வாசல் வரை வந்தது. போட்டோக்காரர் எங்களைக் கூப்பிட்டார். “அப்புறம் வாரமுங்க” என்று அவரிடம் சொல்லிவிட்டு, லியோவைத் தோளில் சாய்த்து, ஜோஸ்லினின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போனேன்.